இல்லமும் நலமும்: மார்புக்குள் ஒரு காவலாளி



சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த மடல்களுக்கிடையே, பாதத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத மடல் ஒன்றும் இருந்தது. கூடலூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. அவருடைய அத்தாவுக்கு வயது 66. ஓராண்டாகவே நெஞ்சு படபடக்கிறதென்று சொல்லி வந்தவர், அண்மையில் இருமுறை மயங்கி விழுந்துவிட்டார். முதல்முறை தோட்டத்தில், இரண்டாம் முறை பள்ளிவாசல் ஹவுளின் படியில். நெற்றியில் நான்கு தையல். மருத்துவர்கள் சோதித்துவிட்டு, 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் இதயத்துடிப்புக் கோளாறு என்றும், முதலில் பேஸ்மேக்கர் பொருத்திப் பின்னர் தேவைப்பட்டால் 'அப்ளேஷன்' செய்யலாம் என்றும் கூறியிருக்கின்றனர். அத்தாவோ மறுத்துவிட்டார். "பேட்டரியில் ஓடுகிற இதயத்தோடு நான் ரப்பிடம் போகமாட்டேன்" என்பது அவர் சொன்ன சொல். 'நீங்களாவது எழுதுங்கள், உங்கள் பக்கத்தை அவர் விடாமல் படிக்கிறார்' என்று முடித்திருக்கிறார் சகோதரி.

இப்பகுதியில் நான் எழுதுவன யாவும் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் எழுதுபவையே. இம்மாதம் மட்டும் அப்படியன்று. என் இடப்பக்கக் காறை எலும்பின் கீழே, தோலுக்கும் தசைக்கும் இடையில், 2017ஆம் ஆண்டு முதல் ஒரு பேஸ்மேக்கர் இருந்து வருகிறது. 2019இல் அப்ளேஷனும் செய்துகொண்டேன். இத்தனை காலம் இதைப்பற்றி எழுதாமலிருந்ததற்குக் காரணம் வெட்கமே. அந்த வெட்கம் எதனால் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமையடையாது.

நான் மசினகுடிவாசி. மின்வாரியத்தில் பணியாற்றி 2015இல் ஓய்வு பெற்றவன். எங்களூரைச் சுற்றிலும் மின்நிலையங்கள்தாம். 1932இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் சிங்காராவில், 1952இல் வந்தது மாயாற்றில், 2005இல் மலையைக் குடைந்து அமைத்த 150 மெகாவாட் நிலையம் மசினகுடியிலேயே. மின்நிலையத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு நெஞ்சிலும் ஒரு மின்நிலையம் வாய்த்ததே என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் உண்மையும் உண்டு. இந்நோயை நான் விளங்கிக்கொண்டதே என் தொழிலின் வழியாகத்தான். ஆகவே அவ்வாறே உங்களுக்கும் சொல்கிறேன்.

இதயத்துக்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு திசுத்திரள் இருக்கிறது. உடலின் இயற்கையான மின்னாக்கி அதுவே. நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது எழுப்பும் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு முடிச்சை அடைந்து, அங்கே இமைப்பொழுது தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்தத் தாமதத்தில்தான் மேலறை தன் இரத்தத்தைக் கீழறைக்குக் கொடுத்து முடிக்கிறது. நடு முடிச்சைச் சப்பானியரான தவாரா 1906இலும், மேல் முடிச்சைக் கீத், ஃபிளாக் என்னும் இரு பிரித்தானியர் 1907இலும் விவரித்தனர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகள். நாம் உறங்கும்போதும் நடக்கும் இவ்வேலைக்கு எந்த ஷிப்டு மாற்றமும் கிடையாது.

மின்கட்டமைப்பில் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே கதியில் இணைந்து சுழல வேண்டும். அதை 'சிங்க்ரனைஸ்' செய்வது என்போம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேலறையின் பல இடங்களில் கட்டுக்கடங்காத சிறுசிறு துடிப்புகள் எழுந்து, நிமிடத்துக்கு 350 முதல் 600 என்னும் கணக்கில் அறை நடுங்குகிறது. நடுங்குகிறதேயன்றிச் சுருங்கி விரிவதில்லை. நடு முடிச்சு ஒரு ரிலேயைப்போல நின்று பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. இல்லையேல் ஒரு நிமிடமும் பிழைக்க இயலாது. ஆயினும் தாறுமாறாகச் சில உள்ளே புகுந்துவிடும். கீழறை 120, 150 என்று தாளமின்றி ஓடும். மூச்சிரைப்பு, படபடப்பு, களைப்பு எல்லாம் இதனால் வருபவை. சிலருக்கு எதுவுமே தெரியாது. ஆபத்து அவர்களுக்கே அதிகம்.

காரணங்கள் பல. முதுமை, இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, உடற்பருமன், தைராய்டு மிகுதி, உறக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நோய். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு: சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடுவது. முப்பது வயதுப் பெண்களுக்குக்கூட இந்நோய் வருவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். பிள்ளைகளின் தொண்டை வலியை அலட்சியம் செய்யாதீர்கள் என்று இப்பக்கத்தில் முன்பொருமுறை எழுதியது நினைவிருக்கலாம்.

படபடப்பு நோய்க்கு மயக்கம் ஏன் வரவேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மேலறை பல மணி நேரம் நடுங்கிவிட்டுத் திடீரென்று நிற்கும்போது, இயற்கை மின்னாக்கி உடனே விழித்துக்கொள்ள வேண்டும். வயதான இதயத்தில் அது விழிக்கத் தாமதிக்கிறது. மூன்று நொடி, ஐந்து நொடி இதயம் வெறுமனே நிற்கிறது. அந்த இடைவெளியில் மூளைக்கு இரத்தமில்லை, மனிதன் சாய்கிறான். நான் சாய்ந்தது தெப்பக்காடு பாலத்துக்கருகே, பேருந்துக்காகக் காத்து நின்றபோது. வெயிலால் என்றே எல்லோரும் கருதினர். இரண்டாம் முறை வீட்டுக்குள்ளேயே விழுந்த பிறகுதான் கோவைக்குச் சென்று, இருபத்துநான்கு மணி நேரம் இ.சி.ஜி. பதிவு செய்யும் 'ஹோல்டர்' கருவியைக் கட்டிக்கொண்டேன். அதிகாலை மூன்றே முக்காலுக்கு ஐந்து நொடிக்கு மேல் என் இதயம் நின்றிருந்தது, நான் ஒன்றும் அறியாமல் உறங்கிக்கொண்டிருக்கையில்.

தலைச்சுற்றலையும் மயக்கத்தையும் 'பித்தம்' என்று ஒதுக்குவது நம்மவர் வழக்கம். 2025 ஜூலை 21 அன்று, முதலமைச்சர் பொறுப்பில் இருந்த மு.க.ஸ்டாலின் அவர்களுக்குக் காலை நடைப்பயிற்சியின்போது தலைச்சுற்றல் ஏற்பட்டது. இதயத்துடிப்பில் ஏற்பட்ட மாறுபாடே காரணம் என்றும் அதைச் சீராக்கச் சிகிச்சை அளிக்கப்பட்டதென்றும் மருத்துவமனை அறிக்கை வெளியிட்டதைப் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே அவர்களுக்கு 83ஆம் வயதில் பெங்களூரில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. நாட்டை நடத்துவோர் இதை மறைக்கவில்லை. நாம்தான் சம்பந்திவீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று துப்பட்டியால் மூடுகிறோம்.

இனி, சகோதரியின் அத்தாவுடைய அந்தச் சொல்லுக்கு வருவோம்.

பேஸ்மேக்கர் இதயத்தை ஓட்டுவதில்லை, காவல் காக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, எடை குறைந்த உலோகப் பெட்டி. அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய கம்பிகள் இரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செல்லும். அவை ஓயாமல் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும். இதயம் தானே துடித்தால் பெட்டி பேசாமலிருக்கும். குறித்த நேரத்துக்குள் துடிப்பு வரவில்லையென்றால் மட்டும் ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுக்கும். எங்கள் மின்நிலையத்தில் 'ஸ்டாண்ட்-பை' என்று ஒன்று வைத்திருப்போமே, அதுதான். அதை வைத்திருப்பதால் ஆறு பொய்த்துவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

ரூஹு பிரியும் வேளையில் இக்கருவி தடுக்குமோ என்பது பலருடைய உள்ளத்திலுள்ள, வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஐயம். தடுக்காது. உயிர் நீங்கிய தசை எவ்வளவு மின்துடிப்பு கொடுத்தாலும் சுருங்காது. அஜலை ஒரு நொடியேனும் தள்ளிப்போடும் ஆற்றல் இப்பெட்டிக்கு இல்லை. தகனம் செய்வோர் அதை அகற்றியாக வேண்டும். பேட்டரி தீயில் வெடிக்கும். கபரில் அடக்குவோருக்கு அந்தத் தேவையில்லை. மையித்தைக் கீறவேண்டுமே என்று அஞ்ச வேண்டியதில்லை.

உலகில் முதன்முதலாக இக்கருவி உடலுக்குள் வைக்கப்பட்டவர் ஆர்னே லார்சன் என்னும் சுவீடன் நாட்டவர். நாள்: 1958 அக்டோபர் 8. அவருக்கு அப்போது வயது 43. ஒரே நாளில் இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். இன்னும் சோதனைச்சாலையை விட்டு வெளிவராத கருவியைத் தன் கணவருக்கு வைத்தே தீரவேண்டுமென்று மருத்துவர் சென்னிங்கையும் பொறியாளர் எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர் அவருடைய மனைவி. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்க்கப்பட்ட அக்கருவி சில மணி நேரமே ஓடியது. பிறகு மாற்றி மாற்றி 26 கருவிகள். லார்சன் 2001இல் தமது 86ஆம் வயதில் காலமானார், அதுவும் இதய நோயாலன்று. அவரைக் காப்பாற்றிய மருத்துவரும் பொறியாளரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டிருந்தனர். மனைவியின் நச்சரிப்பு என்பது எப்போதும் இழிவானதன்று என்பதை ஆண் வாசகர்கள் குறித்துக்கொள்வார்களாக.

பொருத்துவது பெரிய அறுவை அன்று. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓரிரு நாளில் வீடு. அடுத்த நான்கு முதல் ஆறு வாரம் இடக்கை முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, கனம் சுமக்கக்கூடாது; புதுக் கம்பி இடம்பெயர்ந்துவிடும். அதற்காகக் கையைக் கட்டிப்போட்டாற்போல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். நான் அப்படித்தான் வைத்திருந்து மூன்று மாதம் சட்டை மாட்ட முடியாமல் அவதியுற்றேன். தக்பீர் கட்டும்போது முழங்கையைத் தாழ்த்தியே கையை உயர்த்தலாம். ஒளு செய்யத் தடையேயில்லை. காயம் ஒளுவின் உறுப்புகளில் எதிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காயம் ஆறும்வரை அதை நனைக்கக்கூடாதாகையால் குளிப்பைப் பற்றி மட்டும் உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ருகூவும் ஸஜ்தாவும் பேஸ்மேக்கருக்கு ஒன்றும் செய்யா. பேட்டரி பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை வரும். தீரும்போது பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். கம்பி அப்படியே இருக்கும்.

ஆனால் ஒன்று. பேஸ்மேக்கர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் குணப்படுத்தாது. நின்றுபோகும் இதயத்தைத் தூண்ட அதனால் இயலும். தறிகெட்டு ஓடும் இதயத்தை அடக்க இயலாது. 'பெட்டி வைத்தும் படபடப்பு நிற்கவில்லை, பணம் வீண்' என்று ஏசுபவர்கள் இதை அறியாதவர்கள். ஓட்டத்தை அடக்க மாத்திரை வேண்டும். அம்மாத்திரையை முன்னர் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சினர், ஏற்கெனவே நின்று நின்று ஓடும் இதயம் மேலும் நிற்குமேயென்று. பேஸ்மேக்கர் வந்தபின் அந்த அச்சமில்லை. என் நிலையில் அதுதான் பேஸ்மேக்கரின் பெரிய உதவி.

மாத்திரைக்கும் அடங்காதபோது அப்ளேஷன். மேலறை நடுக்கத்தைத் தூண்டும் தீப்பொறிகள் பெரும்பாலும், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் நான்கு சிரைகளின் வாயிலிலிருந்தே கிளம்புகின்றன என்பதைப் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் ஹைசகேர் 45 நோயாளிகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார். தொடையிடுக்கின் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, அவ்வாயில்களைச் சுற்றிச் சுட்டோ உறைய வைத்தோ ஒரு வடுவேலி இடுகிறார்கள். வடு மின்துடிப்பைக் கடத்தாது. பொறி உள்ளேயே அடைபட்டுவிடும். சூடும் குளிருமின்றி மின்துடிப்பாலேயே வேலியிடும் புதுமுறைக்கு 2023 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் அனுமதி கிடைத்துள்ளது.

இதைச் 'செய்தால் தீர்ந்தது' என்று எண்ணவேண்டா. விட்டுவிட்டு வரும் நடுக்கம் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்கு ஓராண்டு வரை திரும்பாமலிருக்கலாம். நீடித்து நிலைத்துவிட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய நேரும். முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு வந்தாலும் அதைத் தோல்வியெனக் கணக்கிடுவதில்லை; புண் ஆறும் காலம் அது. இடர்களும் உண்டு. நூற்றில் ஒருவருக்கு இதயத்தைச் சுற்றி இரத்தம் கசியலாம். மிக அரிதாக, இதயத்தின் பின்னால் ஒட்டியுள்ள உணவுக்குழாயில் சூடு பட்டுத் துளை விழுவதுண்டு. அது உடனே தெரியாது. சிகிச்சைக்குப்பின் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, இரத்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் அருகிலுள்ள கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திராமல், சிகிச்சை செய்த மருத்துவரிடமே செல்லவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வகை அப்ளேஷனும் இருக்கிறது. எதற்கும் அடங்காத முதியோருக்கு, நடு முடிச்சையே சுட்டு மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடுவது. அதன்பின் கீழறை முற்றிலும் பேஸ்மேக்கரை நம்பியே துடிக்கும். மேலே நடுக்கம் தொடரும், கீழே அமைதி. 'பேட்டரியில் ஓடுகிற இதயம்' என்னும் சொல் ஓரளவேனும் பொருந்துவது இதற்குத்தான். உங்கள் அத்தாவுக்கு எவ்வகை கூறியுள்ளனர் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சகோதரி. பெயர் ஒன்றே, வாழ்க்கை வேறு.

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன்.

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற ஒரு பை உண்டு. அங்கே உறைகட்டி உருவாகி, பெயர்ந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோயாளிக்குப் பக்கவாத ஆபத்து மற்றவரைவிட ஐந்து மடங்கு என்பது நெடுங்கால ஆய்வுகளின் கணக்கு. ஆகவே இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். வயது, கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த வாதம் முதலியவற்றுக்குப் புள்ளி போட்டு யாருக்குக் கட்டாயம் என்று முடிவு செய்வார்கள். எனக்குக் கொதிப்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு. அப்ளேஷனுக்குப் பின்னும் இம்மாத்திரை நிற்கக்கூடாதென்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

2021 ரமளான். அப்ளேஷன் முடிந்து ஈராண்டு. ஒரு நாளும் படபடப்பு இல்லை. நோய் போய்விட்டது, நோய் போனபின் மருந்தெதற்கு என்று என் அறிவு எனக்குச் சொல்லிற்று. நோன்பைச் சாக்காக வைத்து முதலில் ஒரு வேளையை விட்டேன். பிறகு இரு வேளையையும் விட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, ஸஹர் உணவின்போது தேநீர்க் குவளை என் வலக்கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன், விரல்கள் கேட்கவில்லை. "ஒன்றுமில்லை" என்று சொல்ல வாயெடுத்தால் வேறெதுவோ வந்தது. என் மனைவி விளக்கை என் முகத்தருகே கொண்டுவந்து, "என்னங்க, வாய் ஒரு பக்கமா இழுக்குதே" என்றாள். மகன் 108ஐ அழைத்தான். கல்லட்டி மலைப்பாதையில் உதகைக்கு ஏறும் 36 கொண்டைஊசி வளைவுகளையும் அன்று நான் எண்ணினேன், மனத்துக்குள்தான். எண்களை வாயால் சொல்ல முடியவில்லை. பாதி வழியிலேயே கை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. அல்ஹம்து லில்லாஹ். சிறு கட்டி, தானே கரைந்தது, அடுத்தது கரையாது என்றார் மருத்துவர்.

அதன்பின் அவர் செய்த ஒன்றை நான் மறவேன். பேஸ்மேக்கரின் மேல் ஒரு கருவியை வைத்து அதன் நினைவகத்தைப் படித்தார். கடந்த ஆறு மாதத்தில் பதினொரு முறை என் மேலறை நடுங்கியிருந்தது. ஒருமுறை ஏழு மணி நேரம். நான் எதையும் உணரவில்லை. 'எனக்குத் தெரிகிறது, நோய் இல்லை' என்று நான் இறுமாந்திருந்த நாள்களையெல்லாம் அப்பெட்டி தேதியிட்டு எழுதி வைத்திருந்தது.

நோன்பாளிகளுக்காக இதை விரித்துச் சொல்கிறேன். நாளொன்றுக்கு இருமுறை உண்ணும் எபிக்ஸாபன் போன்ற மாத்திரைகளை ஸஹரிலும் நோன்பு திறக்கும்போதும் எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இரண்டுக்கும் இடையே பதின்மூன்று பதினான்கு மணி நேரமே. ஒருமுறை மட்டும் உண்ணும் ரிவராக்ஸபனை வயிறு நிறைய உண்ட உணவோடுதான் விழுங்கவேண்டும். பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் போட்டால் உடல் சரிவர ஏற்காது. வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய வார்ஃபரின், அசிட்ரோம் வகைகளே உகந்தவை என்பதை 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வும் உறுதி செய்தது. அவர்கள் மாதந்தோறும் இரத்தம் சோதித்து ஐ.என்.ஆர். அளவைப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, ஒரே அளவாய் உண்டால் போதும். இந்நோய்க்கு ஆஸ்பிரின் மாற்றாகாது. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் இம்மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளக் கூசுபவர்கள் நம்மில் பலர். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரையும் ஆலிமையும் ஒருசேரக் கலந்துகொள்ளுங்கள். நான் இருவரையும் கேட்கவில்லை.

உங்கள் அத்தா விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டோரத் தோட்டமென்றால் யானைக்காகச் சோலார் வேலி இருக்கும். என்னிடம் எல்லோரும் கேட்பது இதைத்தான். அவ்வேலியில் ஏறத்தாழ நொடிக்கொரு முறை சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம், கண்ணிமைப்பினும் குறைந்த நேரம் பாய்கிறது. யானையை விரட்ட அது போதும், மனிதனைக் கொல்லாது. ஆனால் நொடிக்கொரு துடிப்பு என்பது எதன் கணக்கென்று பாருங்கள். இதயத்தின் கணக்கு! கை பட்டால் பேஸ்மேக்கர் அதை இதயத்துடிப்பென்று ஏமாந்து தான் பேசாமலிருந்துவிடக்கூடும். விலகினால் தானே சரியாகிவிடும். தலைசுற்றி வேலியின் மீதே சாய்ந்துவிட்டால்தான் வினை. ஆகவே, வேலியை அணைத்துவிட்டு அருகில் செல்லட்டும். பழுதுபார்க்கும் வேலையை மகனிடம் விடட்டும். நேரடி மின்சாரத்தை வேலியில் கொடுக்கும் பாதகத்தைப்பற்றி நான் பேசவில்லை. அது யானையையும் கொல்லும், பேஸ்மேக்கர் இல்லாதவனையும் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட.

மற்றபடி மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ், தொலைக்காட்சி எதற்கும் அஞ்சவேண்டா. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கவேண்டும். கைப்பேசியைச் சட்டையின் இடப்பையில் வைக்காமல், வலக்காதில் வைத்துப் பேசவேண்டும். ஓடும் ஜீப் எஞ்சின்மீது கவிழ்ந்து பார்ப்பது, வெல்டிங் பட்டறை, காந்தக் காப்பு இவற்றை விடுவது நன்று. நான் இன்றும் மின்நிலையத்துப் பக்கம் போவதுண்டு. கேட்டுக்கு வெளியே நின்று பழைய தோழர்களுடன் தேநீர் அருந்திவிட்டு வருவேன், ஸ்விட்ச் யார்டுக்குள் போவதில்லை. தேநீரை மருத்துவர் தடுக்கவில்லை; நீலகிரிக்காரனிடம் அதைக் கேட்டுவாங்க அவருக்கும் மனம் வந்திராது. உம்ரா, ஹஜ் செல்வோர் விமான நிலையத்தில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டிவிட்டு, சோதனை வாயிலில் நில்லாமல் நடந்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அட்டையை முன்கூட்டியே காட்டவேண்டும். எடுக்கத்தக்க கருவிகளும் உள, தகாதவையும் உள.

எடையைக் குறைத்தால் நடுக்கமும் குறைகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மருத்துவர்கள் 2015இல் காட்டினர். பத்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தவர்கள் பெரிதும் பயனடைந்தனர். இதைப் படித்த பின்னும் நான் வலீமா விருந்துகளுக்குப் போகிறேன்; தட்டில் விழுவதைத்தான் குறைத்திருக்கிறேன்.

செலவைப்பற்றி மடலில் ஒரு வரி இருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் அடங்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அப்ளேஷனுக்கு எவ்வளவு ஏற்பார்கள் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் நாள் குறிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாய்ச்சொல்லை நம்பிப் பின்னர் நகையை அடகு வைத்தவன்.

மைசூருக்கு அழைத்துச் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ஆம்புலன்சுக்குத் தடையில்லையெனினும் உங்கள் வாகனத்துக்கு உண்டு. தெப்பக்காட்டிலிருந்து எங்களூர் ஏழு கிலோமீட்டர்தான். முந்தைய நாள் அஸருக்குள் அத்தாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். என் காறை எலும்பின் கீழே இருப்பதை அவர் தம் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே போவோம், வழியில் ஒரு சிறு மேடு இருக்கிறது, அதை நான் ஏறுவதையும் பார்க்கட்டும். காலை ஆறு மணிக்கு கேட் திறந்ததும் நீங்கள் புறப்படலாம்.